யூரியா மூட்டை மேல் மதினி

மதினி,

நீங்கள் இல்லாமல் நாங்கள் விதைத்த முதல் பருத்தி இது. நேற்று நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் உங்கள் மகன் பைக்கில் ஒரு யூரியா மூட்டையைக் கொண்டுவந்து வரப்பில் இறக்கிவிட்டான். செடி வெளிறிக் கிடக்கிறதாம், பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் சிரிக்கிறார்களாம். அவனைச் சொல்லி என்ன, அண்ணனுக்குப் பிறந்தவன்தானே. மூட்டையைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருடம் அண்ணன் புஞ்சையை விற்கும் முடிவில் இருந்தார். யூரியாவை அள்ளி அள்ளிக் கொட்டியும் நம் பேரையூர்க் கரிசலில் வெள்ளாமை தொடர்ந்து படுத்துவிட்டது. இலை கருகருவென்று தழைக்கும், அசுவினிப் பூச்சி வந்து அப்பும், காய் உதிரும். இந்தத் தடவையும் இப்படியானால் பிளாட் போடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டு மதுரையில் கடை வைப்போம் என்றார். உங்களுக்கு அந்தப் பேச்சே ஆகாது. ரேடியோவில் கேட்டதை வைத்துக்கொண்டு, பாதி யூரியா போதும், மீதிக்குக் கம்போஸ்டும் அசோஸ்பைரில்லம் என்கிற நுண்ணுயிர் உரமும் போடுவோம் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். அடுப்புக்குப் போகவேண்டிய பருத்திமார்க் குச்சிகளையெல்லாம் நறுக்கிச் சாணியோடு குழியில் போட்டு மட்க வைத்தீர்கள். விறகுக்கு முள் வெட்டப் போனவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் போய் அந்த நுண்ணுயிர்ப் பொடியை வாங்கி வந்தீர்கள். ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தச் சொல்லிவிட்டுக் குப்பைக்குழிப் பக்கம் போனீர்கள். அண்ணன் என்ன செய்தார்? வற்றலும் வடகமும் காயப்போட்ட பழக்கத்தில் மொத்த விதையையும் மொட்டைமாடி வெயிலில் விரித்துவிட்டார். நீங்கள் வந்து பார்த்தீர்கள். சத்தம் போடவில்லை.

"உசுரோட வாங்கியாந்தேன். வத்தல் போட்டுட்டீகளே."

அவ்வளவுதான், மறுபடியும் பஸ் ஏறிவிட்டீர்கள். புதுப் பொட்டலங்களை ஈரத்துண்டில் சுற்றி, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். உள்ளே என்ன என்று கேட்ட பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் பாக்டீரியா என்று சொல்ல, அந்த அம்மா எழுந்து போய் நின்றுகொண்டே வந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடியேதான் விதைக்குத் திரும்பவும் பொடி பூசினீர்கள்.

செடி வளர்ந்தது. ஆனால் ஊரார் செடி கரும்பச்சை, நம்முடையது இளம்பச்சை. அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதேபோல ஒரு மழைக்கு மறுநாள் மூட்டையோடு வந்து இறங்கினார். பாதி உரம் ஏற்கெனவே போட்டாயிற்று என்றீர்கள். அவர் கேட்கவில்லை. நீங்கள் நேராகப் போய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"எந்திரி. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். பருத்தி வேணுமா, கீரை வேணுமா?"

களையெடுத்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வெயில் ஏறி, ஈரம் வற்றி, இனி உரம் போட்டுப் பயனில்லை என்றான பிறகுதான் எழுந்தீர்கள்.

அசுவினி வந்தது. பக்கத்துப் புஞ்சையில் அப்பியது போல நம்மிடம் அப்பவில்லை. காய் உதிராமல் நின்று வெடித்தபோது புஞ்சை வெள்ளைவெளேரென்று கிடந்தது. பருத்தி எடுக்க வந்தவர்கள் மடி நிறைந்து போய் நடக்க முடியாமல் நடந்தார்கள். பிளாட்டுக்காரர் வந்து புஞ்சையைக் கேட்டபோது அண்ணன், கைகழுவாமல் குழியோரம் நின்ற உங்களைக் காட்டி, அவளிடம் கேளுங்கள் என்றார். அந்த மனுசர் உங்கள் சாணிக் கையைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போய்விட்டார். எனக்கு அன்றைக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. எங்கள் வீட்டு மதினி என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தேன்.

அதற்கப்புறம் நம்மைப் பார்த்து எத்தனையோ பேர் குழி வெட்டினார்கள். சிரித்தவர்களும்தான்.

இந்த வருடமும் விதைக்கு நானே கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, நிழலில்தான் உலர்த்தினேன். பாதி உரமும் போட்டாயிற்று. இப்போது வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. எதிரில் உங்கள் மகன் கையைப் பிசைந்துகொண்டு, எந்திரிங்க சித்தப்பா, எந்திரிங்க சித்தப்பா என்கிறான். இந்த மடலை மூட்டை மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், மதினி.