ராஸ்மியின் கை

ஸ்டூரா தீவு
2 மார்ச் 1925

அன்பு மகள் ஓஸ்லாவுக்கு,

சித்தப்பா கிடியன் சகல ராஜ மரியாதைகளோடும் எழுதுவது. நேற்று அடித்த காற்றில் என் தாடி பக்கத்துத் தீவுவரை போய்த் திரும்பி வந்தது, மற்றபடி சுகம்.

நம் பாராளுமன்ற உறுப்பினர் கர்னல் இறந்த செய்தி தபால் படகில் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக நமக்குப் படகுத்துறை கட்டித் தருவதாகச் சொன்னவர். பாவம், இனிச் சொல்லவும் முடியாது. இருபத்தைந்தாம் தேதி இடைத்தேர்தலாம். வழக்கம்போல நானும் பக்கத்து வீட்டு ராஸ்மியும் உடனே கைகுலுக்கிவிட்டோம். அவன் கர்னல் கட்சி, நான் எதிர்க்கட்சி. ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் இரண்டு ஓட்டுக்காக ஆறு மைல் துடுப்புப் போடுவானேன்? இருவரும் போவதில்லை. அன்றைக்கு அவனைச் சதுரங்கத்தில் துவம்சம் செய்வதாக உத்தேசம்.

ஸ்டூராவின் மாமன்னன் (குடிமக்கள்: பதினோரு ஆடுகள்),
கிடியன்


சாண்ட்வோ
9 மார்ச் 1925

அன்புள்ள சித்தப்பா,

சிரிப்பு வரவில்லை. அந்தத் தேர்தலில் நிற்பவளே நான்தான். உங்கள் கடிதம் வந்த அன்றுதான் மனு கொடுத்தேன். கேட்பது ஒன்றே ஒன்று, படகுத்துறை. எதிரே நிற்பவர் கர்னலின் மருமகன்.

என் அக்கா பார்பராவின் பிரசவத்தன்று டாக்டரின் படகு ஸ்டூராக் கரைக்கு மூன்று துடுப்பு தூரத்தில், இறங்க இடமில்லாமல், இரண்டு மணி நேரம் தத்தளித்ததை நீங்களும் பார்த்தீர்கள். அக்கா போன பிறகுதான் கடல் அடங்கியது.

சொந்தச் சித்தப்பாவே வரவில்லையா என்று ஊர் கேட்டால் நான் என்ன சொல்ல? அந்தக் கைகுலுக்கலை உதறிவிட்டு வாருங்கள். வரமாட்டீர்கள் என்றால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஓஸ்லா


ஸ்டூரா தீவு
16 மார்ச் 1925

மகளே,

உன் கடிதத்தின் சூட்டில் தபால் படகே பாதி வெந்துபோய் வந்தது. உடனே ராஸ்மியிடம் ஓடினேன்.

"டேய், கொடுத்த கையைத் திருப்பிக் குடுத்துடேன்."

"கொடுத்தது கொடுத்ததுதான். போணும்னா போ. நாளைக்கு என் மூஞ்சில முழிக்காத."

மீனின் நீளத்திலும் என் வயதிலும் முப்பது வருஷமாகப் பொய் சொல்லிவருகிறேன். கை கொடுத்த விஷயத்தில் மட்டும் சொன்னதில்லை. அதையும் உடைத்தால் என்னிடம் உண்மை என்று ஒன்றுமே மிஞ்சாது. ஆகவே திருட்டுத்தனமாக வரமாட்டேன். அவனாக விடுவிக்கும்வரை தினமும் போய் அவன் உயிரை வாங்குவேன்.

டாக்டரின் படகில் அன்று முன்துடுப்புப் போட்டவன் அவன். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. இந்த முறை கேட்கப் போகிறேன்.

கிடியன்


ஸ்டூரா தீவு
2 ஏப்ரல் 1925

ஓஸ்லா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாவிட்டால் என் பேனா வெடித்துத் தீவே மூழ்கிவிடும்.

நூற்று நாற்பது ஓட்டில் தோற்றாய் என்று கேள்விப்பட்டேன். ஆனால் நாங்கள் வந்தோம், தெரியுமா?

தேர்தலுக்கு முந்தின நாள் அந்தப் படகைப் பற்றிக் கேட்டேன். கதவை என் மூக்கின்மேல் சாத்தினான். மறுநாள் விடியும்போது பூட்ஸோடு என் வாசலில் நிற்கிறான்.

"எந்திரிடா. படகைத் தள்ளு."

"ஒப்பந்தம்?"

"ரெண்டு பேரும் போறதில்லன்னுதானே? ரெண்டு பேருமே போனா யாரு யாரை ஏமாத்துறது?"

அலைகள் தேவாலயக் கோபுரம் உயரம். (சரி, முழங்கால் உயரம்.) திரும்பும்போது கேட்டேன், யாருக்குப் போட்டே என்று.

"ரகசிய ஓட்டு. வாயை மூடிக்கிட்டுத் துடுப்பைப் போடு."

முடிவு வந்த மறுநாளே, டாக்டரின் படகு தத்தளித்த அதே இடத்தில் அவன் பாறைகளை உருட்டிப் போட ஆரம்பித்துவிட்டான். நானும் சேர்ந்துகொண்டேன். இதுவரை பதினோரு கல். ஊரில் பதினோராயிரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ மாற்றிச் சொல்லாதே.

இன்று வேலை முடிந்ததும் பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். "அடுத்த தேர்தலுக்கும் வழக்கம்போலத்தானே?"

ராஸ்மி தன் கையைச் சட்டைப்பையை விட்டு எடுக்கவில்லை.

"ஒரே பக்கம் போடுறவங்களுக்குள்ள என்னடா ஒப்பந்தம்? விடியக்காலைல வந்து சேரு. பெரிய கல்லு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

அடுத்த மனுவை எழுதி வை, மகளே. துறையில் காலை நனைக்காமல் நீ இறங்கும் நாளில், உன்னை வரவேற்க ஆடுகள் பதினொன்றும் அணிவகுத்து நிற்கும்.

உன் சித்தப்பா,
கிடியன்