இனி இரத்தம் பஸ் ஏறத் தேவையில்லையாம்

இஞ்சாருங்கோ, என் பிள்ளைகளின் அப்பா,

முதலில் நல்ல செய்திகள். மூத்தவனின் மகன் பேராதனையில் எஞ்சினியர் படிப்புக்கு எடுபட்டுவிட்டான். இளையவளின் பெரிய பெட்டைக்குத் தோப்பூரில் ரீச்சர் வேலை. அவளின் தங்கச்சி பேச்சுப்போட்டியில் மாவட்டத்தில் முதலாவது. நடுவிலாளின் மகள் மதுரா, உங்கள் தோளில் இருந்து துறைமுகத்துக் கப்பல்களை எண்ணினவள், ஒல்லாந்து நாட்டில் டொக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டொக்டர் இல்லை. நோய் கண்டுபிடிக்கிற கருவி செய்கிறாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், விளங்கின மட்டும் சொல்கிறேன். முத்திரை அளவில் ஒரு கண்ணாடித் துண்டு. அதற்குள் தலைமுடியிலும் மெல்லிய வாய்க்கால்கள். ஒரு துளி இரத்தம் விட்டால் அது தானாக ஓடி, மருந்துகளோடு கலந்து, என்ன வருத்தம், எந்த நோய் என்று காட்டிவிடும். ஆய்வுகூடம் முழுவதும் அந்தத் துண்டுக்குள் இருக்கிறதாம். வாய்க்காலில் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் எல்லாம் பிழைத்துவிடும். அவளோடு வேலை செய்கிற ஏழு பேரும் அந்தக் குமிழியோடுதான் நாள் முழுக்கச் சண்டை பிடிக்கிறார்களாம்.

இப்போது நாட்டில் சண்டை ஓய்ந்து பாதை திறந்திருக்கிறது. அதனால் போன மாதம் இங்கே பாலையூற்றுக்கு வந்து என்னோடு தங்கி நின்றாள். ஒரு நாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"அம்மம்மா, அம்மப்பாவுக்கு என்ன வருத்தமெண்டு கடைசியிலை சொன்னவை?"

"காய்ச்சல்."

"என்ன காய்ச்சல்?"

"காய்ச்சலெண்டால் காய்ச்சல்தான். தேங்காயைப் பார், விரலையும் சேர்த்துத் துருவிப் போடுவாய்."

உங்களிடமும் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன். நீங்கள் கண்மூடி எட்டாம் நாள், உங்கள் எட்டுச்செலவன்று தபால்காரர் ஓர் உறை கொண்டுவந்தார். கொழும்புக்கு அனுப்பிய உங்கள் இரத்தத்தின் முடிவு. அதை நான் பிரிக்கவில்லை. அலுமாரியில் கூறைச் சேலைக்கு அடியில் பதின்மூன்று வருடம் கிடந்தது.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் தொடங்கின இரண்டாம் நாளே, "ஆஸ்பத்திரிக்குப் போவமே?" என்று கேட்டீர்கள். வெளியே ஆமியின் சுற்றிவளைப்பு. "நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லிக் கொத்தமல்லி அவித்துத் தந்தேன். அப்படியே மூன்று நாள் போயிற்று. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்; அங்கே இரத்தம் எடுத்து, ஐஸில் வைத்துக் கொழும்பு பஸ்ஸில் அனுப்பினார்கள், முடிவு வர முதலே நீங்கள் போய்விட்டீர்கள். நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அந்த உறைக்குள் எழுதியிருந்தால் நான் என்ன செய்வேன்?

அன்று குசினியிலேயே மதுராவின் கையில் அந்த உறையைக் கொடுத்தேன். இங்கிலீசில் இருந்தது. அவள் ஒருமுறை வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"சொல்லு பிள்ளை. நான் தாங்குவன்."

"இதிலை ஒண்டுமில்லை அம்மம்மா. இரத்தம் வழியிலையே பழுதாப் போச்சாம். சோதிக்க ஏலாதாம். திரும்ப எடுத்து அனுப்பட்டாம்."

"திரும்பவோ? ஆரிட்டை எடுக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் இருந்திருந்தால், "கொஞ்சம் பொறுக்கச் சொல்லு, கை நீட்டுறன்" என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன். பிறகு துருவின தேங்காய்க்கு முன்னால் இருந்து நன்றாக அழுதேன்.

சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் பஸ்ஸை வெயிலில் மறித்து வைத்த நாட்கள் அவை. ஐஸ் உருகி, உங்கள் இரத்தம் சூடேறியே கொழும்புக்குப் போயிருக்கும்.

"அதுக்குத்தான் இதைச் செய்யிறம்," என்றாள் மதுரா. "இரத்தம் பஸ் ஏறத் தேவையில்லை. துண்டு நோயாளியின்ரை கட்டிலுக்குப் போகும். மருந்து குடிச்சு முடிக்க முதல் முடிவு தெரிஞ்சிடும்."

"அப்ப நான் மூண்டு நாள் முந்திக் கூட்டிக்கொண்டு போயிருந்தால்?"

"அந்த இரத்தமும் அதே பஸ்ஸிலைதானே போயிருக்கும்?"

உங்கள் பேத்தி பொய் சொல்லத் தெரியாதவள். பிழைத்திருப்பீர்கள் என்றும் சொல்லவில்லை, மாட்டீர்கள் என்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? என்னில் கோபமா? அன்றைக்குக் கொத்தமல்லித் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்தீர்களே, அதைத்தான் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கும் கொஞ்ச நாளாகக் கால் விறைக்கிறது. இரத்தம் சோதிக்கச் சொன்னார்கள், நாளைக்கு நாளைக்கு என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். வருகிற திங்கட்கிழமை காலையிலேயே போகிறேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

மதுரா, இதை நீயும் வாசிப்பாய். நீ அனுப்பினதெல்லாம் கண்ணாடித் துண்டின் படங்கள்தான். வெள்ளைக் கோட்டோடு, உன் முகம் தெரிய, புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. அம்மப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டமாட்டேன். நீ நூறு வயது இருக்க வேண்டியவள். எதிர்ச்சுவரில், அவர் பார்க்கிற பக்கத்தில் மாட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா