ட்ரெமெலிக் என்ற பெயருக்கு வந்த கடிதம்

இன்று காலை வாசற்படியில் புதிய டெலிபோன் புத்தகம் கிடந்தது. எடுத்து மடியில் வைத்துப் பிரித்தேன். அச்சு மையின் வாசம் மூக்கில் ஏறியது. உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, மேட். வருஷா வருஷம் இந்தப் புத்தகம் வருகிற அன்று நீங்கள் வேறு எந்த வேலையும் செய்யமாட்டீர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு 'டி' எழுத்துக்குப் போவீர்கள். விரல் கீழே கீழே இறங்கும். ட்ரெமெலிக் என்ற உங்கள் குடும்பப் பெயரில் வந்து நின்றதும், "இன்னும் இருக்கேன்" என்பீர்கள். சிட்னி முழுவதற்கும் அந்தப் பெயரில் அந்த ஒரு வரிதான்.

இன்று நானே தேடினேன். படித்துச் சொல்ல யாரையும் கூப்பிடவில்லை. ட்ரெமெய்ன் என்று சில பேர் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரியில் ட்ரெம்லெட் வந்துவிடுகிறது. நடுவில் நீங்கள் இருந்தீர்கள். அந்த இடத்தை நூலளவுகூட விடாமல் மூடிவிட்டார்கள். படிக்க முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷம். படித்தது இதுவா என்று துக்கம். வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே வந்து தாளை எடுத்தேன்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. இப்போது அதனால் ஒன்றுமில்லை. எழுத எனக்குக் கை வருவது இதில்தான். அதுவும் மெதுவாகத்தான் வருகிறது. வேலைக்குப் போயிருக்கும் மகள் திரும்பி வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்தால் பெரிது.

எழுபத்து நாலில் மலாயாவிலிருந்து வந்து சிட்னியில் மெரிலேண்ட்ஸ் பகுதியில் உங்கள் பக்கத்து வீட்டில் குடியேறினோம். மகளுக்கு இங்கே நர்ஸ் வேலை. நான் அவளுக்குத் துணை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குசினியில் பிலாச்சான் வறுத்தேன். இறால் அரைத்துக் காயவைத்த அந்தக் கட்டியை வறுத்தால் தெருவே மணக்கும். நீங்கள் வேலிக்கு மேலே தலையை நீட்டினீர்கள்.

"உள்ளே என்ன செத்துப்போச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க துரை. சமையல்."

"துரையா? அப்படின்னா?"

மலாயா எஸ்டேட்டில் வெள்ளைக்கார மேனேஜரை அப்படித்தான் கூப்பிடுவோம் என்று என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். நீங்கள் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "நாற்பது வருஷம் தண்டவாளத்துக்குக் கட்டை மாத்துனவன் நான். என்னைத் துரைன்னு கூப்பிட்டா என் பழைய ஃபோர்மன் குழியிலேர்ந்து எழுந்து வந்துருவான். மேட்னு கூப்பிடுங்க, போதும். இங்க சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவோம்." அன்றிலிருந்து மேட்தான். அறுபது வயதுக்கு மேல் ஒருவர் எனக்குச் சிநேகிதர் ஆவார் என்று நான் நினைத்ததில்லை.

உங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்று இங்கிலாந்து, மற்றது ஆஸ்திரேலியா. உங்கள் பெயருள்ளவர்கள் இருந்த ஊர்களில் குண்டூசி குத்த உங்கள் கை நடுங்கியது. என் கை நடுங்காது. முப்பத்தைந்து வருஷம் ரப்பர் மரம் சீவிய கை. பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். நீங்கள் பென்சிலால் இடத்தைக் காட்டுவீர்கள், நான் குத்துவேன். செத்துப்போன ட்ரெமெலிக்குக்குக் கறுப்பு ஊசி. உயிரோடிருக்கிறவருக்குச் சிவப்பு. சுவரெல்லாம் கறுப்புதான். சிவப்பு ஒன்றே ஒன்று, மெரிலேண்ட்ஸில்.

"என்னை நானே குத்திக்க மாட்டேன், நீங்க குத்துங்க" என்று சொல்லி அதையும் என்னிடம்தான் கொடுத்தீர்கள்.

உங்கள் பெயரின் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுத்ததில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கார்ன்வால். அங்கே ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை. அந்த ஊரின் பழைய பாஷையில் 'ட்ரெ' என்றால் பண்ணைவீடு. "எங்க பேரு ஆளுக்கு வச்ச பேரு இல்ல, மேட். நிலத்துக்கு வச்ச பேரு. நிலம் கைய விட்டுப் போச்சு, பேரு மட்டும் எழுந்து நடந்து வந்துருச்சு" என்பீர்கள். கறுப்பு ஊசிகள் அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குள் நெருங்கி நின்றன. அதற்கு வெளியே இங்கிலாந்து முழுக்க ஒன்றுகூட இல்லை. தகரச் சுரங்கங்கள் படுத்துவிட, அண்ணன் தம்பிகள் கப்பலேறினார்கள். ஒருவர் தெற்கு ஆஸ்திரேலியாவில் மூன்டா செப்புச் சுரங்கத்துக்கு, இன்னொருவர் விக்டோரியாவில் பெண்டிகோ தங்கத்துக்கு. மண்ணுக்கடியில் போனவர்களில் சிலர் மண்ணுக்கடியிலேயே நின்றுவிட்டார்கள். இரண்டு யுத்தத்திலும் சிலர் போனார்கள். மற்ற வீடுகளில் பெண் பிள்ளைகள். கல்யாணமாகிப் பெயர் மாறிவிட்டது. "பொண்ணு பொறந்த வீட்டுக்கெல்லாம் கறுப்பு ஊசி குத்துறோம், அவங்க பேரப்பிள்ளைங்க நல்லாத்தான் இருப்பாங்க" என்று நீங்களே ஒருநாள் சிரித்தீர்கள். அன்றைக்கு அந்தச் சிரிப்பு நீளவில்லை.

எங்கள் பெயர் விவகாரம் உங்களுக்குப் பிடிபடவே இல்லை. இந்த நாட்டுக் காகிதங்களில் என் அப்பா பெயரை என் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். டாக்டர் வீட்டில் "மிஸ்டர் சின்னக்கண்ணு" என்று கூப்பிட்டார்கள். அப்பா செத்து முப்பது வருஷமாயிற்றே, அவர் எங்கே இங்கே வந்தார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். இதை உங்களிடம் சொன்னபோது மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள்.

"அப்ப உங்க பேரு உங்க பேரன்கிட்டப் போகாதா?"

"எம்பேரு எம்புள்ளைங்க பேருக்கு முன்னால நிக்கும். அதுக்கப்புறம் கழண்டுடும்."

"பின்ன யாரு உங்க ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டா நம்ம ஆளு. கூப்பிடலன்னா அதுவும் நம்ம ஆளுதான், சண்டை போட்டிருப்போம்."

உங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிட யாருமில்லை. மனைவி போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. சாவதற்குள் அந்தப் பெயரில் உயிரோடு இன்னொரு ஆளைப் பார்த்துவிட வேண்டும், அதுதான் உங்கள் ஆசை. சிட்னிப் பெரிய தபால் நிலையத்துக்குப் போய் எல்லா ஊர் டெலிபோன் புத்தகங்களையும் புரட்டினீர்கள். பிறகு பழைய சுரங்க ஊர்களின் தேவாலயங்களுக்கு ஒவ்வொன்றாக எழுதினீர்கள்: 'இந்தப் பெயர் உள்ளவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதவும்.' உறைகளில் நான் தபால்தலை ஒட்டினேன்.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது என்பதை உங்களிடம் நான் சொன்னதில்லை. ஒருநாள் மூன்டாவிலிருந்து வந்த தபால் அட்டை ஒன்றை என்னிடம் நீட்டி, "படிங்க, என் பேரை எப்படிக் கொலை பண்ணிருக்கான் பாருங்க" என்றீர்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நீங்களே வாய்விட்டுப் படித்தீர்கள். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்றே கேட்டிருக்கலாம், மேட். நானும் சொல்லியிருக்கலாம்.

எழுபத்தாறு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே, "தபால் பெட்டியைப் பார்த்துக்கோங்க. லெட்டர் வந்தா கொண்டாங்க" என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன்.

இரண்டாம் வாரம் ஒரு கடிதம் வந்தது. அதை நான் கொண்டுவரவில்லை.

காரணத்தை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் எஸ்டேட்டில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனுக்குக் கடிதம் கொடுக்கமாட்டார்கள். இந்தியாவிலிருந்து எங்களுக்கு வருகிற காகிதம் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியே எடுத்து வைத்திருந்து, ஆள் எழுந்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கொடுப்பார். காய்ச்சலில் கிடந்த என் சித்தப்பாவுக்கு யாரோ அவசரப்பட்டு ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினார்கள். அவர் அம்மா செத்த சேதி. அன்றைக்கே அவரும் போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அதனால் உங்கள் கடிதத்தை என் டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். நீங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு டீ குடித்து, நன்றாக உட்கார்ந்த பிறகு கொடுக்கலாம் என்று நினைத்தேன். உங்களைக் காப்பாற்றுவதாகவே நினைத்தேன். மகளிடம் காட்டிக் கேட்டிருக்கலாம். உங்கள் கடிதத்தை இன்னொருவர் பிரிப்பது முறையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் பார்க்க வந்த ஒவ்வொரு தடவையும் கேட்டீர்கள்.

"ஏதாவது வந்துச்சா, மேட்?"

"ஒண்ணும் வரல."

"தபால்காரனைக் கடிச்சுக்கிடிச்சு வச்சீங்களா?"

நானும் சிரித்தேன். கடைசி வாரம் நீங்கள் கேட்கும்போது வாயிலிருந்து சத்தம் வரவில்லை. புருவத்தை மட்டும் தூக்கினீர்கள். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன்.

அடக்கத்துக்கு ஆறு பேர் வந்திருந்தோம். பாதிரியார், மூன்று பழைய ரயில்வேக்காரர்கள், நான், மகள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து கடிதத்தை மகளிடம் கொடுத்தேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, இது எப்ப வந்துச்சு?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"மெல்பர்ன்லேர்ந்து ஒருத்தர் எழுதியிருக்காருப்பா. அவர் தாத்தா பெண்டிகோவாம். அந்த ஊர் சர்ச் போர்டுல இவர் எழுதுனதைப் பார்த்தாராம். 'எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை, அதனால் புத்தகத்தில் கிடைத்திருக்கமாட்டோம். நான், என் மனைவி, மகன், மருமகள், அவர்களுடைய கைக்குழந்தை, நாங்கள் ஐந்து ட்ரெமெலிக்குகள் இங்கே இருக்கிறோம். எழுதுங்கள், நானே வந்து உங்களைப் பார்க்கிறேன்'னு இருக்கு. ஏன்ப்பா எங்கிட்டக் காட்டல?"

"சீக்காளிக்கு லெட்டர் காட்டக்கூடாதும்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எனக்குப் படிக்கச் சொல்லிக்குடு."

அன்று தொடங்கியதுதான். முதலில் தமிழ். அவளுக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் குசினி மேசையில் பாடம். "அப்பா, 'ஞ'வை நீங்க மரம் சீவுற மாதிரி எழுதுறீங்க" என்பாள். பிறகு இங்கிலீஷ். ஜாம் போத்தல், பஸ் பலகை, ஸ்டேஷன் பெயர் என்று எதையும் விடமாட்டேன். மெரிலேண்ட்ஸ் என்று நானாகப் படித்த அன்று ரயிலிலேயே கைதட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லும் திறக்கும்போது குழந்தைபோலச் சந்தோஷம் வருகிறது, மேட். வந்த கையோடு வெட்கமும் வருகிறது. இந்தச் சந்தோஷத்துக்கு விலை கொடுத்தது நீங்கள்.

இதற்கிடையில் அரசாங்க ஆட்கள் வந்து உங்கள் வீட்டைக் காலி செய்தார்கள். வரைபடங்கள் ஊசிகளோடு லாரியில் போய்விட்டன. கேட்டு வாங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

மெல்பர்னுக்கு மகள் அப்போதே பதில் எழுதிவிட்டாள். நீங்கள் போய்விட்டீர்கள், கடிதம் தாமதமாகக் கிடைத்தது என்று எழுதியிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் தபால் தாமதமாகவில்லை.  மெல்பர்ன்காரரின் கடிதத்தை நானே முழுதாகப் படித்த பிறகுதான் போய் உண்மையைச் சொல்வது என்றிருந்தேன். அதற்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. இந்த வருஷம் ஈஸ்டர் விடுமுறையில் மகளோடு ரயிலேறினேன்.

அவர் வீடு ஃபுட்ஸ்கிரேயில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில். கதவைத் திறந்தவர் உங்களைப்போல் இல்லை. குள்ளம், தலை முழுவதும் வழுக்கை. நான்தான் முகத்தில் உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைப் பெட்டியில் வைத்தது, நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் இல்லை இல்லை என்றது, கடைசியில் தலையை ஆட்டியது. என் இங்கிலீஷ் எங்கெங்கே நின்றதோ அங்கெல்லாம் மகள் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் மனைவி டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டார்.

அங்கே உங்கள் படம் ஒன்றுகூட இல்லை, மேட். உங்களைத் தெரிந்தவன் என்று அந்த வீட்டுக்கு வந்தவன் நான் ஒருவன்தான். சாயங்காலம் வரை சொன்னேன். சாஸரில் ஊற்றி டீ குடிப்பதை, தூங்கும்போதும் தொப்பி போட்டிருப்பதை, இருமிக்கொண்டே சிரிப்பதை. அவர்கள் இடையிடையே நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார்கள். அந்தக் குழந்தை மேசைக்கு அடியில் கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தது.

புறப்படும்போது அவர் கேட் வரைக்கும் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பண்ணது தப்பு" என்றார்.

"ஆமா" என்றேன்.

"கிறிஸ்மஸுக்கு வாங்க. எங்கூட எல்லாரும் இருப்பாங்க."

கையை விடாமலே இரண்டையும் சொன்னார். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை அவர் வாசலில் விட்டுவிட்டு வர முடியாது. அதனால் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். ரயிலில் மகள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. அன்றிலிருந்து இரண்டும் என்னோடுதான் இருக்கின்றன. இரண்டில் ஒன்றாவது லேசாகிவிடும் என்று காத்திருக்கிறேன். இன்னும் ஆகவில்லை.