அக்காவின் மூளைப் படம்

என் அன்பு அக்கா,

நேற்று உங்களுக்கு ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். நான்தான் சமைத்தேன். சொதிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தரம் போட்டுவிட்டேன். "இப்ப விளங்குதோடா?" என்று நீங்கள் சிரிப்பது போல இருந்தது. நல்லா விளங்குது, அக்கா.

வெள்ளவத்தையில் ஒன்றும் மாறவில்லை. சண்டை வன்னியில் நடக்கிறது, சோதனை கொழும்புக் காலி வீதியில் நடக்கிறது. நம் வீட்டு ஒழுங்கை முனையில் இன்னொரு சாவடி போட்டிருக்கிறார்கள். பாண் வாங்கப் போனாலும் அடையாள அட்டை வேண்டும்.

முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர் நீங்கள். ஊர் ஊராக விலாசங்களைத் தலையில் வைத்திருந்த மனுசி, ஒருநாள் மரக்கறி வாங்கித் திரும்பும்போது நம் ஒழுங்கையைத் தாண்டித் தெகிவளை வரைக்கும் நடந்துவிட்டீர்கள். அறுபத்தெட்டு வயதில் மறதி யாருக்குத்தான் இல்லை? ஆனால் சாவடியில் விலாசம் கேட்க ஒரு தமிழாள் ஒரு நிமிடம் யோசித்தால், கேட்கிறவனுக்கு அது மறதியாகவா தெரியும்?

அதனால்தான் காலைத் தேத்தண்ணியோடு பாடம் தொடங்கினேன். நான்தான் பொலிஸ்காரன். "நம மொகத?" என்று கேட்பேன், பெயர் சொல்வீர்கள். பிறகு விலாசம், கொழும்புக்கு எப்போது வந்தது, ஏன் வந்தது, எல்லாம் சிங்களத்தில். பிழை விட்டால் கத்துவேன். "உண்மையான பொலிஸ்காரன் உன்னைவிட நல்லவனடா" என்பீர்கள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

களுபோவிலையில் டொக்டரிடம் கூட்டிப்போனேனே, அந்தக் கூத்து ஞாபகமா? அவர் அன்பாகத்தான் கேட்டார்: "அம்மா, இப்ப எந்த இடத்தில இருக்கிறீங்கள்?"

நீங்கள் டக்கென்று எழும்பி நின்றீர்கள். கைப்பையைத் திறந்து அடையாள அட்டையையும், கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்கவேண்டிய, நம் இருவர் பெயரும் இருந்த பொலிஸ் பதிவுக் கடதாசியையும் மேசையில் வைத்து, வீட்டு விலாசத்தைச் சிங்களத்தில் ஒப்புவித்தீர்கள். ஏன் கொழும்புக்கு வந்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை, அதற்கும் பதில் சொன்னீர்கள். டொக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு, தொடக்கத்தில் தான் சொன்ன மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"மூண்டு சொல்லோ? ஆர் சொன்னது?" என்றீர்கள்.

அடுத்த கிழமை ஸ்கான் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, அதில் ஓர் இடத்தை அளந்து காட்டினார். "ஞாபகத்துக்கு வேண்டிய பகுதி இது. வயசுக்கு இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் சுருங்கியிருக்கு. பெரிய நோய் வருத்தம் எண்டு இப்ப சொல்லேலாது. அடுத்த வருசமும் அளந்து பாப்பம்."

"புழுக்கொடியல் மாதிரிக் காய்ஞ்சு போச்சோ, டொக்டர்?"

"அவ்வளவுக்கு இல்லையம்மா" என்றார் பாவம்.

பஸ்ஸில் அந்தப் பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். நான் வாங்கப் பார்த்தேன், தரவில்லை. "என்ர மூளையடா. மடங்கப்படாது."

ஒரு மாதம் கழித்து, விடியப்புறம் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். கதவைத் தட்டி, பொலிஸ் பதிவைக் கேட்டார்கள். கைப்பையில் இல்லை. அலுமாரியில் இல்லை. "பத்திரமா வைச்சனான் தம்பி, பத்திரமா வைச்சனான்" என்று அறை அறையாக ஓடினீர்கள். எங்கே என்று மட்டும் வரவில்லை. வந்தவர் உங்களிடம் விலாசம் கேட்டார். நான் கத்திக் கத்திப் படிப்பித்ததில் ஒரு சொல்லும் வரவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள்.

"மே மகே மல்லி" என்றீர்கள். இவன் என் தம்பி. அதை நான் படிப்பிக்கவே இல்லையே, அக்கா!

என்னை வாகனத்தில் ஏற்றினார்கள். நீங்கள் வீட்டு உடுப்போடு, கால் மாறிய செருப்போடு, நடந்தே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தீர்கள். சொந்த ஒழுங்கையைத் தவறவிட்ட மனுசிக்கு அன்றைக்கு வழி எப்படித் தெரிந்தது? மத்தியானம் வரை வாங்குப் பலகையில் இருந்து, போகிற வருகிற எல்லோரையும் மறித்து "மகே மல்லி, மகே மல்லி" என்றீர்களாம். கடைசியில் பொலிஸில் பெரியவர் ஒருவர் அலுத்துப்போய்ப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, என் பெயரைக் கண்டு, போகச் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி என்ன? "அந்தக் கடதாசியை எங்க வைச்சுத் துலைச்சனீங்கள்?" நடு ரோட்டில் நின்று கத்தினேன். நீங்கள் அழுதீர்கள். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம், கேட்கலாம் என்று இருக்க, மாரடைப்பு முந்திக்கொண்டது. இரண்டாம் தரம் உங்களை அளக்க டொக்டருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

இப்போது என் முறை. உப்பு மட்டுமில்லை, பூட்டுத் திறப்பு வைத்த இடம், பெயர்கள், கிழமை எல்லாம் நழுவுகின்றன. அதே டொக்டர் எனக்கும் ஸ்கான் எழுதித் தந்து, உங்கள் படத்தையும் கொண்டுவரச் சொன்னார். நேற்று திவசம் முடிந்த பிறகு உறையைத் திறந்தேன். படத்துக்குப் பின்னால், ஒரு மடிப்பும் இல்லாமல், பொலிஸ் பதிவு. மேலே உங்கள் பெயர், கீழே என் பெயர்.

பத்திரமாகத்தான் வைத்திருந்தீர்கள், அக்கா. உங்கள் மூளைக்குப் பக்கத்தில் என்னை வைத்திருந்தீர்கள். தரையில் இருந்து நன்றாக அழுதேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை டொக்டரிடம் போகிறேன், சத்தியமாக. உறையை மடியில் வைத்துத்தான் கொண்டுபோவேன், மடங்காது. ஒழுங்கை முனையில் மறிப்பார்கள், உறையைத் திறந்து, இது என்ன என்று கேட்பார்கள். அப்போது எனக்கு விலாசம் வராமல் போகலாம், என் பெயரே வராமல் போகலாம். பதிலை மட்டும் இன்று காலை தேத்தண்ணியோடு பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

மே மகே அக்கா.

இப்படிக்கு,
உங்கட மல்லி