செவலை காத்த ஒற்றைச் செருப்பு

சேசு மரி சூசை

ஏலாக்குறிச்சி,
1946 ஆகஸ்டு 20

ஆசை மகள் அடைக்கலமேரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அடைக்கல மாதா தயவில் நானும் உன் அப்பாவும் அண்ணன் அண்ணி பேரன் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், கோலாரில் நீயும் மாப்பிள்ளை பிலவேந்திரனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. கொள்ளிடத்தில் இந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு முன்னாலேயே தண்ணீர் வந்துவிட்டது. நாற்று நன்றாகப் பிடித்திருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை, நொச்சித் தழை ஒத்தடம் கொடுக்கிறேன். மாதா திருநாள் பூசைக்குத் திருமானூர்ப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்தார்கள், உன் சிநேகிதி லூர்தம்மாளும் வந்தாள், உன்னைத்தான் முதலில் விசாரித்தாள்.

மேரி, நம் செவலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். போன வருஷம் நீ பிரசவத்துக்கு வந்திருந்தபோது அண்ணன் விக்கிரமங்கலத்திலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்தானே, அந்தப் பெட்டை நாய்க்குட்டிதான். இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. குணத்தில் தங்கம், பேரன் செல்வம் காதைப் பிடித்துத் திருகினாலும் சும்மா படுத்திருக்கும். அப்படிப்பட்டது ஆடி பிறந்ததும் ஒரு நாள் வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலைப் பறித்துப் பறித்துக் குழி செய்தது. நான் அடுப்படியில் சூட்டுக்குப் பிடிக்கும் கரித்துணியைக் காணோம், அகப்பை ஒன்றைக் காணோம், கடைசியில் அப்பாவின் செருப்பில் ஒன்றைக் காணோம். அரியலூரில் தைத்து வாங்கிய புதுச் செருப்பு. வீடெல்லாம் தேடிவிட்டுப் பார்த்தால் எல்லாம் செவலையின் குழியில் இருக்கிறது. அது அவற்றைச் சுற்றி வளைந்து படுத்துக்கொண்டு செருப்பை நக்கி நக்கிக் கொடுக்கிறது. யார் பக்கத்தில் போனாலும் தொண்டைக்குள்ளேயே உறுமுகிறது. ராத்திரி பகல் இல்லாமல் முனகல். நாங்கள் முதலில் சிரித்தோம், நாலைந்து நாள் போனதும் சிரிப்பு வரவில்லை.

விக்கிரமங்கலத்தில் அந்த மாதம் ஒரு வெறிநாய் இரண்டு மாட்டைக் கடித்து மாடு செத்துப்போனது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அதனால் அப்பாவுக்கும் பயம் வந்துவிட்டது. அவர் நீளக் கம்பு ஒன்றை எடுத்துப்போய்ச் செவலையை ஓரமாகத் தள்ளி அந்தச் செருப்பையும் துணியையும் இழுத்து எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். எடுத்துவிட்டால் மறந்துவிடும் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் அது பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன். கொட்டகைக்கும் வாசலுக்குமாக ஓடுகிறது, கதவைப் பிறாண்டுகிறது, கட்டிலுக்கு அடியில் நுழைந்து பார்க்கிறது, கோணிச் சாக்கை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறது, என் முகத்தை வந்து பார்த்துவிட்டு மறுபடி ஓடுகிறது. அந்த நேரம் பார்த்துச் செல்வம் தத்தித் தத்திக் கொட்டகைக்குள் போய் அந்தக் குழியில் உட்கார்ந்துவிட்டான். செவலை பாய்ந்து அவன் சட்டையைக் கவ்வி இழுத்தது. மேலில் ஒரு கீறல் இல்லை, சட்டைதான் கிழிந்தது, ஆனால் உன் அண்ணி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. தலையாரி நல்லதம்பி தடியோடு வந்து நின்று, "புள்ள மேல பாஞ்ச நாய இனி வச்சிருக்கக் கூடாதுங்க, கட்டிப் போடுங்க, சாயங்காலம் ஆத்துப் பக்கம் கொண்டுபோய் முடிச்சிடுறேன்" என்றான். அப்பா கயிற்றை எடுத்துக் கட்டினார். அவருக்கு அதன்மேல் எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். அண்ணியைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அவள் பெற்றவள்.

நான் ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். வெறி பிடித்தது தண்ணீர் இறங்காமல் தவிக்கும் என்பார்கள், இது மடமடவென்று குடித்தது. குடிக்கும்போதுதான் கவனித்தேன், அடிவயிற்றில் காம்பெல்லாம் தடித்துப் போயிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடிப்போய் மேலத் தெரு ஆண்டாயியைக் கூட்டிவந்தேன், நாற்பது ஆடு மேய்க்கிறவள், அவளுக்குத் தெரியாத குட்டிப் பேறு இல்லை. அவள் தைரியமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு காம்பை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். விரலில் பால். "ரெண்டு மாசத்துக்கு முந்தி ஆண் நாயிங்க இவ பின்னால சுத்துச்சாக்கா?" என்று கேட்டாள். ஆமாம், சுற்றியது, அப்பா இதைப் பத்து நாள் கொட்டகையில் வைத்துச் சாத்தியிருந்தார், ஒரு நாயையும் அண்டவிடவில்லை என்றேன். அவள் சிரித்துவிட்டு, "வெறியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. இது பொய்ச்சினை. வயித்துல குட்டி இல்ல, ஆனா ஒடம்புக்கு அது தெரியலக்கா, குட்டி போட்டுட்டோம்னு நெனச்சுப் பால எறக்கிடுச்சு. பால் வந்துட்டா குட்டி வேணுமில்ல? செருப்பு இவ குட்டி. புள்ளையக் கடிக்க வரல, குட்டி மேல உக்காந்துட்டானேன்னு இழுத்திருக்கா. புடுங்கினா இன்னும் பித்துப் புடிச்சு அலைவா, குடுத்துடுங்க. பாலக் கறக்காதீங்க, கறந்தா ஊறும். சோத்தக் கொறைங்க, புள்ளைய அண்டவிடாதீங்க, தானா வத்தும், தானா எந்திரிச்சு வருவா" என்றாள்.

நல்லதம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு நம்பவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றான். அப்பாதான் ஏணி வைத்து, அந்த முழங்காலோடு பரண்மேல் ஏறி, செருப்பையும் துணியையும் எடுத்துவந்து, கயிற்றை அவிழ்த்துவிட்டு, அதன் முன்னால் வைத்தார். செவலை முகர்ந்து பார்த்தது. செருப்பை வாயில் கவ்விக்கொண்டு குழிக்குப் போய், கீழே வைத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது பார், மனுஷி விடுவது போலவே இருந்தது. அப்படியே தூங்கிப்போனது. அதற்குப் பிறகு இருபது நாள் கொட்டகைக்குப் படல் வைத்து அடைத்துச் செல்வத்தை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டோம். அப்பா வெறுங்காலோடு வயலுக்குப் போனார், கேட்டவர்களிடம் "என் செருப்பு பிரசவத்துல கெடக்கு" என்றார். திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் செவலை தானாக எழுந்து வெளியே வந்து உடம்பை உதறிக்கொண்டு சோறு கேட்டது. செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணிதான் முதலில் அதற்குச் சோறு வைத்தாள்.

மேரி, இனி எழுதுவதை நீ தனியாக உட்கார்ந்து படி. உன்னை ஒரு நாயோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. அது கட்டிலுக்கு அடியிலும் சாக்கிலும் தேடிவிட்டு என் முகத்தைப் பார்த்ததே, அப்போது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. போன வருஷம் வைகாசியில் உன் பிள்ளை சின்னப்பன் பிறந்த எட்டாம் நாள் நம்மை விட்டுப் போனபோது, அவன் துணிமணி உன் கண்ணில் பட்டால் உனக்கு ஆறாது என்று நான் நினைத்தேன். நீ அசந்து தூங்கிய ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி வெளியே கொடுத்தனுப்பினேன். பால் வற்ற உன் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியதும் நான்தான். நீ எழுந்து பெட்டி பெட்டியாகத் திறந்தாய், அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தாய். என்னிடம் வந்து நின்றாய். "என்னத்தத் தேடுற, ஒண்ணும் இல்ல, போய்ப் படு" என்று சொன்னேன். பார்க்க வந்தவர்கள் உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, மந்திரிக்க வேண்டும் என்றார்கள், நான் அவர்களை அதட்டவில்லை. புத்தி ஒன்றும் பேதலிக்கவில்லை. பிள்ளை போன சேதி உன் உடம்புக்கு இன்னும் எட்டவில்லை, அவ்வளவுதான். எட்டும் மட்டும் பொறுக்காமல் நான் பிடுங்கிவிட்டேன். நான் மூன்று பிள்ளை பெற்றவள், எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன், ஆனாலும் செய்தது தப்பு. என்னை மன்னித்துக்கொள் கண்ணு. இதைத் திருநாள் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், ஆனால் உன்னிடம் சொல்லாமல் அது தீராது.

இன்னும் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன், அது பொய். ஞானஸ்நானத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மட்டும் எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மூட்டை கட்டும்போது எடுத்து என் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். துவைக்கவில்லை, அவன் போட்டது போலவே இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன், பெற்ற உனக்கு இல்லாமல். அதைத் தபாலில் அனுப்பட்டுமா, நீ வரும்வரை இங்கேயே வைத்திருக்கட்டுமா, என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். நீ சொல்லாமல் அதை இனி யாரும் தொட மாட்டார்கள், நானும்கூட.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் தலையில் கைவைத்து நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். அங்கே குளிர் என்கிறார்கள், காதைக் கட்டாமல் விடியலில் தண்ணீருக்குப் போகாதே. பதிலை என் பேருக்கே போடு, அப்பா பேருக்கு வந்தால் அவர் எல்லோரும் கேட்கச் சத்தமாகப் படிப்பார்.

உன்னைப் பெற்றவள்,
மதலேனம்மாள்