அனுப்பக் கூடாத சட்டி

ஊஹூ,
மார்ச் 12, 1987

யுன்ஷியாவுக்கு,

நலமா? எனக்குக் கண் மஞ்சளித்துவிட்டது. கல்லீரல் வீங்கியிருக்கிறதாம். ஆஸ்பத்திரி மாத்திரை போக, வைத்தியர் யிங் கஷாயமும் கொடுத்திருக்கிறார். வெண்பியோனி வேர், சாமந்தி, இன்னும் ஏதேதோ கசப்பு. இரும்பில் காய்ச்சக் கூடாதாம். நான் விட்டுவந்த மருந்துச் சட்டியைப் பார்சலில் அனுப்பு. வேறு தொந்தரவு தர மாட்டேன்.

மதியம் கண் மூடினால் நம் பியோனித் தோட்டத்தில் நடக்கிறேன். வேர் பருக்கக் கிள்ள வேண்டிய மொட்டில் ஒன்றைக்கூட நீ கிள்ளவில்லை. இடுப்பளவுக்கு வெள்ளைப் பூ. வைத்தியரிடம் சொன்னேன். "கல்லீரல்தான்பா உசுருக்கு வீடு. வீடு ஒழுகுனா அது தூக்கத்துல ஊர் சுத்தத்தான் போகும்" என்றார்.

தேமாவ்


போஜோவ்,
மார்ச் 20

அன்புள்ள தேமாவுக்கு,

'அன்புள்ள' என்று கை தானாக எழுதிவிட்டது, இருக்கட்டும். கடிதம் படித்ததும் பயந்துபோனேன். ஆனாலும் சட்டியை அனுப்ப மாட்டேன். மருந்துச் சட்டியை அனுப்பினால் கூடவே நோயையும் அனுப்பியதாகும். தேவைப்பட்டவர்தான் வந்து எடுத்துப்போக வேண்டும். காமாலையில் இதுவுமா மறந்துபோனது?

கூப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாலு வருஷம் மண்ணில் கிடக்க வேண்டிய வேரை, கட்டிய மனைவி என்னைக் கேட்காமல் மூன்றாம் வருஷமே தோண்டி விற்றுவிட்டுக் கோபித்துக்கொண்டும் போனவர் நீங்கள். உங்கள் கஷாயத்தில் சாரம் இல்லையென்றால் அது நம் தோட்டத்து வேராகத்தான் இருக்கும்.

உங்கள் உயிர்தான் தினமும் இங்கே வந்துபோகிறதே. சட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அதனிடம் சொல்லுங்கள்.

யுன்ஷியா


ஊஹூ,
ஏப்ரல் 3

யுன்ஷியாவுக்கு,

கீழ்வீட்டுக்காரர் சட்டியில் காய்ச்சிக் குடிக்கிறேன். நீ 'வா' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அன்றைக்கே ரயிலேறியிருப்பேன். சட்டிக்காக வந்தான் என்று ஊர் பேச வேண்டாம்.

நேற்றுக் கனவில் நீ வரப்பில் நின்றாய். கூப்பிட்டேன், குரல் வரவில்லை. நீயும் திரும்பவில்லை.

தேமாவ்


ஊஹூ,
மே 1

யுன்ஷியாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ரத்தம் பார்த்தார்கள், கல்லீரல் தேறிவிட்டதாம். வைத்தியரும் கஷாயம் போதும் என்றார்.

அதோடு கனவும் நின்றுவிட்டது. படுத்தால் வெறும் தூக்கம். தோட்டத்துக்கு வழியே தெரியவில்லை. நோய் போனதில் எனக்குப் பாதி வருத்தம்தான்.

சட்டி இனி வேண்டாம்.

தேமாவ்


போஜோவ்,
மே 6

அன்புள்ள தேமாவுக்கு,

இந்த முறை தெரிந்தேதான் 'அன்புள்ள' எழுதினேன். நோய் போனால் சட்டியை உடைத்துவிட வேண்டுமே. கடிதம் வந்த அன்றே தெருவில் போட்டு உடைத்தேன். இனி இங்கிருந்து எடுத்துப்போக உங்களுக்கு ஒன்றும் இல்லை. சட்டிக்காக வந்தீர்கள் என்று ஊரில் யாரும் பேச முடியாது.

ஏப்ரலில் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் சண்டைதான் பேனாவில் வந்தது. எழுதாமல் தோட்டத்துக்குப் போனேன். மொட்டுக் கிள்ளவும் மனம் வரவில்லை. வேர் மெலிந்துபோகும், போகட்டும். இன்று எல்லாம் மலர்ந்து நிற்கின்றன. இடுப்பளவு இல்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. கனவில் நீங்கள் குனிந்து நடந்திருப்பீர்கள்.

பூ அதிக நாள் நிற்காது. வாருங்கள்.

யுன்ஷியா