குச்சிமிட்டாய் கட்டரும் நானும்

என் அன்புக்குரிய கோபக்கார வீட்டுக்காரருக்கு,

நானும் உங்கள் அம்மாவும் நலம். அத்தைக்கு முட்டி வலி குறைந்துவிட்டது; வாய்தான் குறையவில்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஜெயித்துவிட்டேன்! பொறுமையாகச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், முடியவில்லை. அந்தப் பம்ப் மூடி இன்று பாஸாகிவிட்டது.

மூடி கடைய வைத்த முதல் உலோகக் கட்டி வீணான அன்று எழுதியதை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாவதும் வீணானால் ஆர்டர் வெளிக் கம்பெனிக்குப் போகும், நான் மெஷினுக்குப் புரோகிராம் போடுவதை விட்டுவிட்டுப் பழையபடி பிசிறு தேய்க்கும் மேசைக்குப் போக வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எதற்கெடுத்தாலும் மைக்ரான் கணக்குப் பேசுவதால் அவருக்கு மைக்ரான் என்றே பெயர். அப்படி நடந்தால் வேலையை விட்டு, நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நானும் வீராப்பாக எழுதினேன். நீங்கள் உடனே பெட்டியைக் கட்டு என்று பதில் போட்டீர்கள். நான் தோற்றுவிடுவேன் என்பதில் உங்களுக்கு அவ்வளவு நிச்சயமா? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மூடிக்குள்ளே முந்திரிக்கொட்டை வடிவில் ஒரு பள்ளம். வாய் குறுகல், உதட்டுக்கு அடியில் சுவர் உள்ளே குடைந்துகொண்டு போகிறது. நேராக இறங்கும் கட்டர் அங்கே எட்டாது. "கட்டரைச் சாய்ச்சும் வெட்டுற அஞ்சு அச்சு மெஷின் வச்சிருக்கிறவங்ககிட்ட குடுத்துடலாம்மா, நமக்கெதுக்கு வம்பு" என்றார் மைக்ரான். குச்சிமிட்டாய் கட்டர் போதும் என்று நான்தான் அடம்பிடித்தேன். மெல்லிய தண்டு, நுனியில் ஓர் உருண்டை, அவ்வளவுதான். பள்ளத்தின் நடுவில் இறக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, உதட்டுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும்.

முதல் தடவை சுரண்டியதெல்லாம் சரி. முடிந்ததும் கட்டரை நேராக மேலே தூக்கும்படி எழுதிவிட்டேன். பாழாய்ப்போன கைப்பழக்கம்! வருஷக்கணக்காக எல்லாக் கட்டரையும் அப்படித்தான் தூக்கியிருக்கிறேன். உருண்டை அடியில், உதடு மேலே. தூக்கினால் என்ன ஆகும்? உதடு பிய்ந்தது, தண்டு முறிந்தது, என் மானமும் போனது.

இந்தத் தடவை ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு, முதலில் நடுவுக்கு வா, அப்புறம் மேலே ஏறு என்று எழுதினேன். பள்ளத்தின் அடியில் உள்ள கிண்ண வளைவுக்கும் கட்டர் போகும் வழியை மாற்றினேன். முதல் கட்டியில் மொத்தத்தையும் ஏர் உழுவதுபோல வரிவரியாக ஓட்டியதில், செங்குத்தான பக்கங்களில் படிப்படியாகத் தழும்பு விழுந்திருந்தது. இப்போது செங்குத்தான இடத்தில் மட்டம் மட்டமாகச் சுற்றி இறங்கவைத்தேன். தரைக்கு மட்டும் நெருக்கமான வரிகள். தொட்டுப் பார்த்தால் கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கிறது.

கடைசிச் சுற்று ஓடும்போது மைக்ரான் பின்னால் வந்து நின்றுகொண்டார். கட்டர் நடுவுக்கு வந்தது, ஒரு நொடி நின்றது, அலுங்காமல் மேலே ஏறியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து லேத்துக்காரர் ஓடி வந்துவிட்டார். மைக்ரான் அளந்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி அளந்தார். "குறை சொல்ல ஒண்ணுமே இல்லையேம்மா" என்று வருத்தப்பட்டார். நாற்பது மூடிக்கான ஆர்டர் எங்களுக்குத்தான். இனி உள்குடைவும் வளைவும் உள்ள வேலை எல்லாவற்றுக்கும் நானே புரோகிராம் போட வேண்டுமாம்.

அத்தையிடம் சொன்னேன். கட்டர் கதை பாதி புரியவில்லை. ஆனாலும், "உன்னைப் பொட்டி கட்டச் சொன்னான்ல, இப்ப அவனைக் கட்டச் சொல்லு" என்றார்.

நான் வரவில்லை. கோபிக்காதீர்கள். இங்கே பராமரிப்புப் பிரிவில், நீங்கள் அங்கே பார்க்கும் அதே வேலைக்கு, ஓர் இடம் காலியாக இருக்கிறது. எல்லோரும் கை கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், உங்களைப் பற்றி மைக்ரானிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொன்னார். உங்களைக் கேட்காமல் பேசியது தப்புதான். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். கடிதத்தில் வேண்டாம், நேரில் வந்து திட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி